பதினெட்டு மோதலோடு நிறுத்தியதால் ஒரு வருடம் போனது

முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. பார்க் (பாபா அணு ஆராய்ச்சி மையம்) பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வாகிவிட்டேன், இரண்டாவது முயற்சியில். எழுத்துத் தேர்வைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நேர்முகத்தில் போன வருடம் என்னைக் கவிழ்த்த கேள்வியை மட்டும் சொல்கிறேன்: அணு உலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பானாக எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?

ஹைட்ரஜன் என்று உடனே சொன்னேன். கோலி கோலியில் அடித்தால் அடித்தது நின்றுவிடும், கருங்கல்லில் அடித்தால் துள்ளித் திரும்பும். நியூட்ரானுக்குச் சம எடை ஹைட்ரஜனின் கருவான புரோட்டான்தான். அதனால் வேகம் தணிய 18 மோதல் போதும், கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கு 25, கார்பனுக்கு 115. ஒப்பித்துவிட்டு நிறுத்தினேன். "சரி, கல்பாக்கத்தில் ஏன் கனநீர் வைத்திருக்கிறோம்?" என்றார்கள். கனநீர் என்றால் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர். வாய் அடைத்துவிட்டது. திரும்பி வந்து பாறசாலையில் ரயில் இறங்கி, களியக்காவிளை வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் அந்தக் கேள்வி விடவில்லை.

விடை உறிஞ்சலில் இருக்கிறது. வேகம் தணிந்த வெப்ப நியூட்ரானை ஹைட்ரஜன் 0.33 பார்ன் (விழுங்கும் வாய்ப்பை அளக்கும் அலகு) அளவுக்கு விழுங்கும். டியூட்டீரியம் 0.0005 பார்ன்தான். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யு-235 வெறும் 0.7 சதவீதம். அவ்வளவு குறைந்த எரிபொருளோடு சாதா நீரை வைத்தால் தொடர்வினை நீடிக்காது. கூடங்குளத்தில் சாதா நீர் போதும், ஏனென்றால் அங்கே யு-235 பங்கைக் கூட்டிச் செறிவூட்டிய யுரேனியம். ஆகவே எரிபொருள் எது என்று கேட்காமல் தணிப்பானைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

நான் மோதல் எண்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 0.025 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வர, அந்த இரண்டின் விகிதத்துக்கு இயல் மடக்கை (ln) 18.2. அதை ஒரு மோதலுக்கான சராசரி மடக்கை இழப்பால் வகுங்கள்: ஹைட்ரஜன் 1, டியூட்டீரியம் 0.725, கார்பன் 0.158. முடிந்தது. அப்புறம் தணிப்பு விகிதம், அதாவது உறிஞ்சலோடு ஒப்பிட்டால் எவ்வளவு தணிக்கிறது என்பது: சாதா நீர் சுமார் 70, கிராஃபைட் சுமார் 200, கனநீர் சில ஆயிரம். கனநீருக்கு எண் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், கலந்திருக்கும் சாதா நீரைப் பொறுத்தது. அதையும் சொல்லிவிடுங்கள்.

துணைக் கேள்விகளுக்கு:
ஹீலியம்: உறிஞ்சாது, ஆனால் வாயு, அடர்த்தி போதாது.
பெரிலியம்: நல்லது, நச்சு, விலை அதிகம்.
லித்தியம், போரான்: இயற்கையில் கிடைக்கிறபடி நியூட்ரானை விழுங்கிவிடும்.
செர்னோபில் 1986: குளிர்விக்கும் நீர் ஆவியானாலும் கிராஃபைட் தணித்துக்கொண்டே இருந்தது. நியூட்ரானை விழுங்க நீரும் இல்லை, வினை கூடியது.

கிராஃபைட்டில் தூய்மை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா ரப்பர் பாலை அரித்துத்தான் தட்டில் ஊற்றுவார். "ஒரு பட்டைத் துணுக்கு கெடந்தா போதும், ஷீட்டுக்கு வெல போயிரும் மக்ளே" என்பார். கிராஃபைட்டில் போரான் அப்படித்தான்: போரான்-10 ஒன்றே சுமார் 3,840 பார்ன். 1941-இல் ஜெர்மனியில் இயற்பியலாளர் போத்தே அளந்த கிராஃபைட் அதிகம் உறிஞ்சியது, அவர்கள் கனநீரின் பின்னால் போனார்கள். அமெரிக்காவில் இயற்பியலாளர் சிலார்ட் போரான் நீக்கிய கிராஃபைட்டுக்காக விடாமல் நின்றார். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் தொடர்வினை ஓடியது.

இந்த வருடம் அதே தலைப்பு வந்தது. முதலில் "எந்த எரிபொருளுக்கு, ஐயா?" என்று கேட்டேன். இயற்கை யுரேனியம் என்றார்கள். எடை, அடர்த்தி, உறிஞ்சல் என்று தாளில் மூன்று நெடுவரிசை போட்டு 18.2-இலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே ஒருவர் குறுக்கிட்டு, கல்பாக்கத்து 500 மெகாவாட் வேக ஈனுலைக்கு என்ன தணிப்பான் என்றார். "கிடையாது, அது வேக நியூட்ரானிலேயே ஓடும். சோடியம் குளிர்விக்க மட்டும்" என்றேன். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.