சம்பளச் சிட்டையில் தெரியும் வரி, காஸ் விலைக்குள் போகும் வரி

2025 நவம்பர் 7ஆம் திகதி 2026க்கான வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட நேரத்தில் இருந்து எனக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. யாழ்ப்பாணத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஹார்ட்வெயார் கடை, பலசரக்குக் கடை, போன் கடை, மருந்துக்கடை என்று பல தரப்பட்டவர்கள். ஆனால் கேள்வி ஒன்றுதான். “நாங்களும் வற்றுக்குள்ள போறமோ?”

வற் (VAT) என்பது பெறுமதி சேர் வரி. அப்போது ஆண்டுக்கு 6 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்தவர்கள்தான் அதற்குப் பதிய வேண்டியிருந்தது. அந்த எல்லையை 2026 ஏப்ரலில் இருந்து 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். கேட்க பெரிய தொகைதான். மாதக் கணக்கில் 30 இலட்சம், நாள் கணக்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம். சீமெந்தும் கம்பியும் விற்கிற கடைக்கு ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் என்பது பெரிய வியாபாரம் இல்லை. ஐம்பது மூடை சீமெந்து போனாலே கிட்டத்தட்ட வந்துவிடும். அதில் கடைக்காரருக்கு மிஞ்சுவது வேறு கதை.

சுன்னாகம் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணை அன்றிரவே கேட்டார்: “தம்பி, பெயின்ற் பக்கத்தைப் பிரிச்சு மனுசியின்ர பேரில போட்டா எல்லைக்குக் கீழ நிக்கலாம்தானே?” இன்னொருவர் கார்ட் மெசினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார். காசாக வாங்கினால் பதிவு இருக்காது என்பது அவர் கணக்கு. மூன்றாமவர் ஒன்றுமே கேட்கவில்லை. பில் புத்தகம் அடிக்கக் கொடுத்திருந்ததை மட்டும் நிறுத்திவிட்டார்.

சட்டம் அப்போது வந்திருக்கவில்லை. ஒரு சதம் வரியும் கட்டியிருக்கவில்லை. ஆனால் கடைகள் அப்போதே மாறத் தொடங்கிவிட்டன. இத்தனை ஆண்டுகளாக நான் பார்த்ததும் இதுதான். வரி கட்டும் நாளில் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு கட்டிவிடுவார்கள். அறிவிப்புக்கும் அமுலுக்கும் இடையில் இருக்கிற அந்த மாதங்களில்தான் எல்லா முடிவும் எடுக்கிறார்கள்.

சுன்னாகம் அண்ணையை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கொழும்பில் இருந்து வரும் சாமானுக்கு அவர் ஏற்கெனவே 18 வீதம் வற் கொடுத்துத்தான் வாங்குகிறார். 100 ரூபாய்ச் சாமான் 118க்கு வருகிறது. அதை 130க்கு விற்றால் 12 ரூபாய் லாபம். வற்றுக்குப் பதிந்துகொண்டு அதே 130க்கு விற்றால், அந்த 130க்குள் இருக்கும் வற் 19 ரூபாய் 83 சதம். வாங்கும்போது கொடுத்த 18 ரூபாயைக் கழிக்கலாம். மிச்சம் கட்ட வேண்டியது 1 ரூபாய் 83 சதம். அவர் மனதில் இருந்ததோ 130 ரூபாயில் 18 வீதம் அப்படியே போய்விடும் என்ற பயம். கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “அப்ப இதுக்கோ இவ்வளவு பயந்தனான்?” என்று கேட்டார்.

பயப்பட வேறு காரணங்கள் இருக்கின்றன, அதையும் மறைக்கவில்லை. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு என்று 2.5 வீதம் ஒன்று 2022 ஒக்டோபரில் வந்தது. அதன் எல்லையையும் இதே அளவுக்குக் குறைக்கச் சொன்னார்கள். அது லாபத்தைப் பார்ப்பதில்லை, விற்பனைத் தொகையில் ஒரு பகுதியின் மேல் விழுகிறது. வாங்கும்போது கொடுத்ததைக் கழிக்கவும் முடியாது. அப்புறம், ஒழுங்கான பட்டியல், நேரத்துக்குப் படிவம், என்னைப் போல ஒருவருக்குச் சம்பளம். கடையில் தனியாக நின்று விற்று, பின்னேரம் கல்லாவை எண்ணிப் பூட்டுகிற மனிதருக்கு இது உண்மையான சுமை. கடையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் வேலைக்கு நான் உதவ மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவருக்கு அந்த யோசனை ஏன் வந்தது என்பது எனக்கு விளங்குகிறது.

வரி வரப்போகிறது என்றால் இந்த நாட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு மூன்று காலங்கள் நினைவுக்கு வருகின்றன.

முதலாவது 2016. வற்றை 11இல் இருந்து 15 ஆக்கியபோது பல ஊர்களில் கடைக்காரர் கடைகளைப் பூட்டி எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் ஜூலையில் அதை இடைநிறுத்தியது. நவம்பரில் சட்டமாகத் திரும்பி வந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம்.

இரண்டாவதுதான் பெரியது. 2019 டிசம்பரில் வற்றை 15இல் இருந்து 8 ஆகக் குறைத்தார்கள். பதிவு எல்லை ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சத்தில் இருந்து ஒரேயடியாக 30 கோடிக்குப் போனது. என்னிடம் இருந்த பதிவுக் கடைகள் எல்லாம் ஒரே மாதத்தில் வெளியே வந்துவிட்டன. அந்தக் கடைகளில் விலை 7 வீதம் இறங்கவில்லை. நான் எழுதிய கணக்குகளிலேயே அது தெரிந்தது. அரச வருமானம் சரிந்தது, பிறகு கொரோனா, பிறகு டொலர் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் வற் 12, செப்டெம்பரில் 15. பணவீக்கம் அந்த செப்டெம்பரில் 70 வீதத்தை ஒட்டி நின்றது.

அதற்கு மேல்தான் வருமான வரி வந்தது. என் மச்சான் ஒரு அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவருக்கு மாதம் 2,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. 2023 ஜனவரியில் இருந்து வரி விலக்கு மாதம் ஒரு இலட்சமாக இறங்கியது, 6 வீதத்தில் தொடங்கி 36 வரை படிகள். 2,50,000க்கு மாதம் 21,000 ரூபாய் பிடிபட்டது. மின்கட்டணமும் 2022 ஓகஸ்ட்டில் ஒரு தடவை, 2023 பெப்ரவரியில் ஒரு தடவை என்று பெரிதாக ஏறியிருந்த நேரம். வீட்டுக் கடன் வட்டியும் ஏறியிருந்தது. அந்த மனிதர்களின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2023 மார்ச்சில் வைத்தியர்கள், வங்கி ஊழியர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், துறைமுகம், மின்சாரம் என்று நாற்பதுக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. மச்சான் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு நின்றார். சர்வதேச நாணய நிதியம் அந்த மாதம் 20ஆம் திகதி கடனுக்கு ஒப்புதல் தந்தது, வரி அப்படியே இருந்தது. பலர் வெளிநாடு போனார்கள். மச்சானோடு ஒரே துறையில் இருந்தவர்களில் சிலர் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள்.

மூன்றாவது காலம் 2023 டிசம்பர். அடுத்த மாதம் முதலாம் திகதியில் இருந்து வற் 18 ஆகப் போகிறது, இதுவரை விலக்கில் இருந்த தொண்ணூறுக்கு மேற்பட்ட பொருள் வகைகளுக்கும் சேர்த்து என்று அறிவித்தார்கள். பெற்றோல், டீசல், காஸ், போன், சோலார் தட்டு எல்லாம் அதற்குள். பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற என் போன் கடைக்காரத் தம்பிக்கு அந்த டிசம்பர் மாதிரி ஒரு வியாபாரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜனவரியில் கடை வெறிச்சோடிக் கிடந்தது. போன் தேவைப்பட்டவர்கள் எல்லாம் டிசம்பரிலேயே வாங்கிவிட்டார்கள்.

வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். கையில் காசு இருந்தவர்கள், கடன் அட்டை இருந்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளை இருந்து உடனே காசு அனுப்பக்கூடியவர்கள். தோட்ட வேலைக்குப் போகிற ஒருவர் 18 வீதத்தைத் தப்புவதற்காக ஒரு மாதம் முந்தி போன் வாங்க முடியாது. போன் உடையும்போதுதான் வாங்குவார், அன்றைய விலைக்குத்தான் வாங்குவார். காஸைச் சேர்த்து வைக்கவும் அவரால் முடியாது. 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஜனவரியில் 685 ரூபாய் கூடி 4,250 ஆனது. 4,250க்குள் 18 வீத வற் என்றால் 648 ரூபாய். மச்சானும் அதே 648தான், எங்கள் தெருவில் வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுக்கிற அக்காவும் அதே 648தான்.

அந்த அக்கா வேலைநிறுத்தம் செய்யவில்லை. செய்யவும் அவவுக்கு ஒரு சங்கம் இல்லை. விலை கூடிவிட்டது என்றுதான் சொன்னா, வரி கூடியது என்று சொல்லவில்லை. கடைக்காரரைத்தான் ஏசினா. 2024 தொடக்கத்தில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்ற செய்தி வந்தபோது மட்டும் பயந்து என்னிடம் வந்தா. “தம்பி, நானும் வரி கட்டோணுமோ?” அது வெறும் இலக்கம், ஆண்டுக்கு 12 இலட்சம் உழைத்தால்தான் வருமான வரி என்று விளங்கப்படுத்தி அனுப்பினேன். நிம்மதியாகப் போனா. தான் ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் வரி கட்டிக்கொண்டிருக்கிறா என்பது அவவுக்குத் தெரியாது. யாரும் அவவுக்கு அதைச் சொல்லவில்லை.

எனக்கு மனதை உறுத்துவது இந்த இடம்தான். 2025 ஏப்ரலில் சம்பள வரியைக் குறைத்தார்கள். விலக்கு மாதம் 1,50,000 ஆனது, 6 வீதப் படி அகலமானது. மச்சானின் 21,000 அதே சம்பளத்துக்கு 8,000 ஆக இறங்கியது. நல்லது, அவர்கள் போராடினார்கள், கிடைத்தது. வற் அதே 18இல் நிற்கிறது. உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் விலக்குக் கொடுத்தார்கள், காஸுக்கு இல்லை. மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையில் தனியாக எழுதப்பட்டதால் மச்சானுக்குத் தன் 21,000 தெரிந்தது. தெரிந்ததால் கேட்டார். அக்காவின் 648 எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

அரசாங்கத்துக்குக் காசு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. 2019இல் வரியைக் குறைத்த கையோடு நடந்ததை மருந்துக்கு நின்ற வரிசைகளில் பார்த்தவன் நான். வற் எல்லையைக் குறைப்பதும் என் பார்வையில் பிழை இல்லை. எட்டுக் கோடி, பத்துக் கோடி விற்றுவிட்டு 5 கோடி என்று காட்டுகிற கடைகளும் இந்த ஊரில் இருக்கின்றன. ஒழுங்காகக் கட்டுகிறவர் அவர்களோடு போட்டி போட்டு நட்டப்படுகிறார். ஆனால் சின்னக் கடைக்காரரைப் பதியச் சொல்லும்போது, தமிழில் விளங்கக்கூடிய ஒரு எளிய படிவத்தையும், வந்து கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தரும் ஒரு ஆளையும் சேர்த்துத் தர வேண்டும்.  பயத்தில் கார்ட் மெசினைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறவருக்கு 1 ரூபாய் 83 சதக் கணக்கை நான் ஒருவன் சொன்னால் போதாது.

சுன்னாகம் அண்ணை இப்போது பிரிக்கும் யோசனையை விட்டுவிட்டார். பதிந்தால் ஒன்று செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பில்லின் கீழும் இதில் வற் இவ்வளவு என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். முதலில் தயங்கினார். சனம் அதைப் பார்த்துவிட்டுத் தன்னோடு சண்டை பிடிக்கும் என்றார். பிறகு சரி என்றார். போன் கடைத் தம்பி எல்லைக்குக் கீழேதான் நிற்பான், ஆனால் தான் மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது கொடுத்த வற்றைக் கடைச் சுவரில் எழுதிப் போடுகிறேன் என்கிறான்.

மச்சானோடும் கதைத்தேன். அவருடைய சங்கம் அடுத்த மாதம் கூடுகிறது, சம்பள வரியை இன்னும் குறைக்கச் சொல்லி ஒரு கோரிக்கை எழுதுகிறார்கள். அதில் காஸுக்கு வற் விலக்கு வேண்டும் என்ற ஒரு வசனத்தையும் சேர்க்கச் சொன்னேன். அவர் சம்மதித்தார், கூட்டத்தில் வைக்கிறார். தெருவுக்கு வந்து போராடத் தெரிந்த சங்கங்கள் அந்த ஒரு வசனத்தை முதலாவதாக எழுத வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.