சேர் பின்னால் நடந்து வந்தார்

இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது, மலைக்குப் போனதைப் பற்றித்தான் எழுதுவேன் என்று உடனேயே சொல்லிவிட்டேன். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் எழுத நல்ல கைகள் நம்மிடையே உண்டு. அந்த மலையேற்றப் பயிற்சியை மட்டும் இதுவரை யாரும் எழுதவில்லை. ஆனால் அதற்கு வந்த பழைய மாணவர்கள் எங்கே சந்தித்தாலும் கதை கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கிறது. மலையையும் மழையையும் பற்றித்தான் தொடங்குவோம். முடியும்போது எல்லோரும், எங்களைக் கூட்டிப்போன ஆசிரியரான சேரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம். தன் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. அதனால் இங்கேயும் சேர் என்றே எழுதுகிறேன்.

புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மைதானத்தில் பயிற்சி தொடங்கிவிட்டது. சேர் புவியியல் ஆசிரியர். 1:50,000 அளவுத்திட்ட இடவிளக்கப்படத்தைப் புல்லில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, எங்களைச் சுற்றி உட்கார வைப்பார். படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் தரையில் 1 கிலோமீற்றர். சமவுயரக்கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு குறைவு. இதெல்லாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் அந்த நெருக்கமான கோடுகளின் மேலே உடல் எடையில் காற்பங்குச் சுமையோடு ஏறப்போகிறோம் என்று தெரிந்தபிறகு, படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

100 மீற்றர் தூரத்தை அளந்து வைத்து, இடது கால் நிலத்தில் படும்போது மட்டும் எண்ணிக்கொண்டு நடக்கச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண் வந்தது. மூடுபனியில் எதுவும் தெரியாதபோது நடந்த தூரத்தைச் சொல்லும் அந்த எண்ணும் திசைகாட்டியும்தான் உங்களுக்குத் துணை என்றார். திசைகாட்டி முள் காட்டும் வடக்கும் படத்தின் வடக்கும் ஒன்றல்ல, இடத்துக்கு இடம் அந்த வித்தியாசம் மாறும் என்பதையும் அங்கேதான் ஒழுங்காக விளங்கிக்கொண்டோம்.

முதுகுப்பை கட்டுவதற்கே தனியாக ஒரு பின்னேரம் போனது. பாரமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் பாரம் போனால் பை ஆளைப் பின்னால் இழுக்கும். தூக்கப்பையும் ஒரு செட் உடுப்பும் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு இறுகக் கட்டியிருக்க வேண்டும். வழியில் எவ்வளவு நனைந்தாலும் அந்த உடுப்பைத் தொடக்கூடாது, அது இரவுக்கு. ஜீன்ஸ் அறவே வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். அப்புறம், டோர்ச் இல்லாமல் இருட்டில் கூடாரம் அடிக்கப் பழக்கினார். வெளிச்சம் இருக்கும்போது ஏன் இருட்டில் பழக வேண்டும் என்று ஒரு தோழி கேட்டாள். சேர் பதில் சொல்லவில்லை. பதிலை மலையில் தெரிந்துகொண்டோம்.

மலையடிவாரத்தில் இறங்கியதும் எங்களை வட்டமாக நிற்கவைத்துச் சொன்னார்: "இனி நான் பின்னால வருவன். வழி கேட்கக்கூடாது. உயிருக்கு ஆபத்தெண்டால் மட்டும் வாய் திறப்பன்." படம் பார்ப்பவர், நேரம் பார்ப்பவர், கடைசியில் நடந்து ஒருவரும் பின்தங்காமல் பார்ப்பவர், அன்றைய தலைவர் என்று பொறுப்புகளை நாங்களே பிரித்துக்கொண்டோம். மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும் என்பது மட்டும் மைதானத்திலேயே சொல்லித் தந்த விதி. வேகமானவர்கள் முன்னால் போனால், பின்னால் வருபவர் எட்டிப் பிடிக்கும் நேரத்தில் அவர்கள் ஓய்வெடுத்து முடித்து எழும்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது.

ஏற்றம் கடுமையாக இருந்தது. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெயிஸ்மித் 1892 இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மீற்றர் அளவில் சொன்னால், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். 12 கிலோமீற்றர் தூரம், 900 மீற்றர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் வரும். ஆனால் அது நல்ல பலமுள்ள ஆள் நிற்காமல் நடக்கும் கணக்கு. பாரத்தோடும் பழக்கமில்லாத காலோடும் நடப்பவர்கள் அதற்குமேல் தாராளமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். நேரம் பார்த்தவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கணக்கைத் திருத்தித் திருத்தி எழுதினான். குதிகாலில் சூடு தெரிந்த உடனேயே நின்று, சப்பாத்தைக் கழற்றி, பிளாஸ்ரர் ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்தபிறகு ஒட்டுவதில் அவ்வளவு பலன் இல்லை. வெட்கப்பட்டு ஒருவர் சொல்லாமல் விட்டால் மறுநாள் முழுக் குழுவும் நொண்டி நடக்க வேண்டும்.

நடுப்பகலுக்குப் பிறகு பாதை பிரிகின்ற ஒரு கவர். படத்தில் ஒரு பாதை, தரையில் இரண்டு. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சேர் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் விடை தெரிகிறதா என்று வெகுநேரம் தேடினோம். ஒன்றும் இல்லை. சரி, இனி நாங்கள்தான் என்று உறைத்தது அப்போதுதான். சத்தம் குறைந்தது. படத்தைத் தரையின் திசைக்குத் திருப்பி வைத்தோம். இடப்பக்கம் முகடு, வலப்பக்கம் கீழே ஓடை இருக்க வேண்டும். ஓடையின் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது? மெல்லிய பாதையே சரியான பாதை என்று முடிவானது. சேர் எழும்பி, ஒரு சொல்லும் சொல்லாமல், கடைசி ஆளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடமும் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடை சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் அந்தக் கவரில்தான் முதன்முதலாகப் பயன்படாமல் போனது.

அடுத்த நாள் மழை. நாங்கள் நின்ற இடத்தில் தூறல்தான், ஆனால் மேலே முகட்டில் கறுத்துப் பெய்துகொண்டிருந்தது. படத்தில் ஒரு மெல்லிய நீலக்கோடாக இருந்த ஓடை, நாங்கள் வந்தபோது மண்நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. அடியில் கல் உருளும் சத்தம் கேட்டது. தங்க வேண்டிய இடம் அக்கரையில் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எல்லோருக்கும் களைப்பு. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. கைகோத்துக்கொண்டு கடந்துவிடலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டால் போதும், விழுந்தாலும் பையை உதறிவிடலாம் என்று ஒருவன் பயிற்சியில் கேட்டதையே எடுத்துச் சொன்னான். அது உண்மைதான், ஆனால் கடக்கலாம் என்று முடிவெடுத்தபிறகு செய்ய வேண்டிய காரியம் அது.

முன்பு இருட்டுக் கேள்வி கேட்ட அதே தோழி ஒரு நீளமான தடியை எடுத்துக் கரையோரம் ஊன்றினாள். முழங்காலுக்கு மேலே நனைந்தது, தடியை நிறுத்திப் பிடிக்கவும் முடியவில்லை. கரைக்கல் ஒன்றில் கீறி அடையாளம் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடையாளம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆறு ஏறுகிறது, நான் இறங்கமாட்டேன், நீங்களும் இறங்கக்கூடாது என்றாள். சண்டை பிடித்தோம் என்றே சொல்லலாம். கடைசியில் ஓடையை ஒட்டி மேலே போய், படத்தில் பாலம் காட்டிய இடத்தால் சுற்றி வருவது என்று முடிவானது. இருட்டிவிடும் என்று தெரிந்துதான் அந்த முடிவை எடுத்தோம்.

இதில் ஒன்றை இன்றைக்கும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. நாங்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் சேர் எங்களோடு இல்லை. சத்தமில்லாமல் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இறங்கி, ஓடை வளைகின்ற இடத்தில், தண்ணீரில் அடிபட்டு வருபவருக்கு வீசும் எறிகயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். திரும்பி நடக்கத் தொடங்கியபோதுதான் கண்டோம். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டுப் பழையபடி பின்னால் வந்தார். அந்தப் பாதை முழுவதையும் அவர் முன்கூட்டியே தனியாக வந்து நடந்து பார்த்திருந்தார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. எங்கே கைத்தொலைபேசி வேலை செய்யும், எந்த இடத்தால் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கலாம் என்றெல்லாம் குறித்து வைத்திருந்தாராம். பேசாமல் நடப்பதற்கு அவர் எவ்வளவு உழைத்திருக்கிறார்!

பாலத்தைத் தாண்டியபோது நல்ல இருட்டு. மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. எங்களில் மிகவும் பலசாலியானவன், மற்றவர்களின் சுமையையும் வாங்கிச் சுமந்து வந்தவன், திடீரென்று பேச்சை நிறுத்தினான். கால் தடுக்கித் தடுக்கி நடந்தான். மழைக்கோட்டின் சிப்பை இழுக்க அவன் விரல்களுக்கு முடியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ முணுமுணுத்தான். மைதானத்தில் சேர் சொல்லித்தந்த அடையாளங்கள்தான்: நடுக்கம், தடுமாற்றம், குழறல். உடம்பின் வெப்பம் இறங்குகிறது. உறைபனி இருந்தால்தான் இது வரும் என்றில்லை. ஈரமும் காற்றும் வெறும் வயிறும் சேர்ந்தால் போதும்.

அங்கேயே நின்றோம். தங்குமிடம் இன்னும் கொஞ்சத் தூரம்தான், போய்விடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூடாரம் இருட்டிலேயே எழும்பியது, கைகள் தாமாக வேலை செய்தன. அவனுடைய ஈர உடுப்பைக் கழற்றி, உறைக்குள் இருந்த உலர்ந்த உடுப்பைப் போட்டு, தூக்கப்பைக்குள் விட்டு, தரைக் குளிர் ஏறாமல் கீழே மற்றவர்களின் பாய்களையும் போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் ஒட்டிப் படுத்தார்கள். கைகாலைத் தேய்க்கக்கூடாது என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவனுக்கு விழுங்கக்கூடிய தெளிவு இருந்ததால் சீனி போட்ட சூடான பானம் கொடுக்கலாம் என்று தீர்மானித்தோம். வெளியே காற்றில் அடுப்பு பற்றவில்லை. ஒருவன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் நுழையப் போனான்.

"அடுப்பை வெளியில வை!"

அந்தப் பயணத்தில் சேர் வாய் திறந்தது அந்த இடத்தில்தான். அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருக்கிறது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு சேரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று படுத்தவர்கள் எழும்பாமல் போயிருக்கிறார்கள். அதோடு கூடாரத் துணி தீப்பிடித்தால் வெளியே வரவும் நேரம் இருக்காது. மழைக்கோட்டுகளைப் பிடித்துக் காற்றை மறைத்து வெளியிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அவன் பேசத் தொடங்கினான். முதலில் கேட்டது தன்னுடைய பை எங்கே என்று. சேர் இரவு முழுவதும் கூடார வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மழை விட்டிருந்தது, ஓடை வடிந்திருந்தது, இறங்கினோம். இறக்கத்தில் முழங்கால் வலித்ததைத் தவிர எழுத ஒன்றுமில்லை. கீழே வந்ததும் மறுபடியும் வட்டமாக உட்கார வைத்தார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. கேள்விகள் மட்டும். ஓடைக்கரையில் யார் பேசினீர்கள், யார் பேச நினைத்தும் பேசாமல் இருந்தீர்கள்? சுமையை அவனிடம் கொடுத்தபோது அவன் எப்போது கடைசியாகச் சாப்பிட்டான் என்று யாராவது கேட்டீர்களா?

இப்படிக் கற்பிப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பின்னாளில்தான் படித்து அறிந்தேன். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய பாசறையிலேயே சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களில் ஒருவரையே தலைவராக்கினார். ஹிட்லர் ஆட்சியில் சிறைப்பட்டுப் பிரித்தானியாவுக்கு வந்த கல்வியாளர் கேர்ட் ஹான், 1941 இல் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கக் காரணமானவர். போர்க்காலத்தில் இளம் கடலோடிகளைத் தயார்ப்படுத்துவது அதன் முக்கிய வேலையாக இருந்தது. 1956 இல் இளைஞர்களுக்காகத் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதின் பின்னாலும் அவருடைய எண்ணம்தான். அதன் முதல் இயக்குநர், 1953 இல் எவரெஸ்ட் ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜோன் ஹன்ட். நம் பிள்ளைகளில் சிலர் அந்த விருதுக்காகப் பை தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். மேற்பார்வையாளர் தூரத்தில் இருக்க, பிள்ளைகள் தாங்களே வழி கண்டுபிடித்து நடக்க வேண்டும் என்பது அங்கே விதியாகவே இருக்கிறது. எங்கள் சேர் இதையெல்லாம் படித்துத்தான் செய்தாரா, தானாகவே கண்டடைந்தாரா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அன்று குளிரில் கிடந்தவன் இப்போது ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்கிறான். ஆற்றில் இறங்கமாட்டேன் என்றவள் பொறியியலாளர்.

நம் பள்ளியில் இந்தப் பயிற்சி நின்றுபோய் நெடுங்காலம் ஆகிறது. பெற்றோருக்குப் பயம் இருப்பது நியாயம். பயிற்சியில்லாத ஒருவர் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் நம் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு முறையும் கட்டடத்துக்கும் கணினிக்கும் பணம் அனுப்புகிறது, அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். கூடாரங்களை முதலில் வாங்க வேண்டாம். வெளிக்கள முதலுதவியும் மலைவழி நடத்தலும் முறையாகக் கற்றுவர இரண்டு இளம் ஆசிரியர்களுக்கு உதவுவோம். அவர்கள் பாதையை நடந்து பார்த்து, ஆபத்துகளைக் குறித்து, பெற்றோரைக் கூட்டிப் பேசட்டும். அதன் பிறகு படம், திசைகாட்டி, கயிறு, கூடாரம். வருகிற பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய விரும்புபவர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.