தண்ணிக்குள் விட்ட மைக்

04.05.2025, ஞாயிறு

திறந்தால் பாட்டுப் பாடுமே, அப்படியான பழைய பிறந்தநாள் அட்டை ஒன்றை இன்று பிரித்துப் போட்டேன். உள்ளே பித்தளை நிறத்தில் ஒரு வட்டத் தகடு, நாணயக் குற்றி அளவு. பீசோ தகடு என்பார்கள். மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிரவைத்தால் மின்சாரம் கொடுக்கும். எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது குணம்தான். தண்ணீருக்குள் விடுகிற மைக்கைக் காசு கொடுத்து வாங்குவதென்றால் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டி வரும், இது சும்மா கிடந்தது.

எல்லாம் பாடும் மீனுக்காக, பௌர்ணமி இரவுகளில் எங்கள் வாவிக்குள்ளிருந்து கேட்கும் என்று சொல்கிற அந்தச் சத்தத்துக்காக. பிறந்த நாளிலிருந்து மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கிறேன். மீன்பாடும் தேன்நாடு என்று தொடங்காத மேடைப் பேச்சை இந்த ஊரில் நான் கேட்டதில்லை, ஆனால் அந்த மீனையும் ஒருநாளும் கேட்டதில்லை. என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் "எங்கட அப்பா கேட்டிருக்கார்" என்றுதான் சொல்கிறார்கள். சித்தப்பா மட்டும் தான் கேட்டதாகச் சத்தியம் பண்ணுகிறார். அதுவும் மீன் இல்லையாம், வாவிக்கு அடியில் கிடக்கிற ஊரியாம், ஓட்டு நத்தை மாதிரி ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த லாங் அடிகளார் என்ற குருவானவர் அதை ஒலிப்பதிவு செய்து, அது வானொலியில் போனதை அப்பா சொல்வார். அந்தக் காலத்துக் கருவியால் முடிந்தது என் மடிக்கணினியால் முடியாதா என்ற திமிரில் இறங்கியிருக்கிறேன்.

06.05.2025

தகட்டுக்கு வயர் பற்றவைத்து, மெழுகு ஊற்றி, பலூனுக்குள் போட்டு, வாயைச் சிலிக்கன் பசையால் அடைத்துக் குளியலறை வாளிக்குள் இறக்கினேன். கேட்டது ஒரே ரீங்காரம். வரைபடம் போட்டால் 50, 100, 150 ஹேர்ட்ஸில் மூன்று கொம்பு. அது வாளித் தண்ணீரின் சத்தமில்லை, எங்கள் வீட்டுக் கரண்டின் சத்தம். இலங்கையில் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது, அதை இந்தத் தகடு பிடித்துக்கொள்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டும்படி பைதானில் மூன்று வரி எழுதிச் சேர்த்தேன். சுத்தமாகிவிட்டது. நித்திரைக்குப் போகும்போது மனதுக்கு நல்ல சந்தோஷம்.

08.05.2025

வேலையில் இன்று கூட்டம் மேல் கூட்டம். கொழும்புக் கம்பனி, நான் வீட்டு முன்னறையில். நெல் ஆலைக்காரர்களுக்கு இருப்புக் கணக்கு வைக்கிற மென்பொருள். மூட்டை உள்ளே வந்தது, மூட்டை வெளியே போனது, இடையில் ஈரம் காய்ந்து எடை குறைந்தது. இந்தக் கடைசி விஷயத்தை விளங்காமல் எழுதியதால் போன வருடம் முழுக்க எங்கள் கணக்கில் நெல் களவு போய்க்கொண்டே இருந்தது. அது தனிக் கதை.

ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணா எந்தக் கம்பஸ்?" என்று கேட்டார். கம்பஸுக்குள் நான் போனதே இல்லை. முதன்முதல் கொம்பியூட்டர் படித்தது கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு ரியூசன் கொட்டிலில். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மெசின், அதிலும் பாதி நாள் கரண்ட் இல்லை. விசுவல் பேசிக்கைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினோம். சேர் கொப்பியைப் பார்த்து, "இது ஓடும், இது ஓடாது" என்று சிவப்புப் பேனையால் குறிப்பார். அவர்தான் எங்களுக்குக் கம்பைலர். 2004 மார்கழியில் கடல் வந்தபோது கொட்டிலும் போனது, மெசினும் போனது. சேர் தப்பிவிட்டார்.

ஏ.எல் என்கிற உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பெறுபேறு வெளியே சொல்கிற மாதிரி இல்லை. பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியான யூ.சி.எஸ்.சி. நடத்துகிற பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டம். பகலில் ஒரு கடையில் பில் போடுகிற வேலை, இரவில் படிப்பு. சோதனை எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் அங்கேதான் வந்தது, அதனால் இன்றைக்கும் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் பாண் வாங்கத் தடுமாறுவேன், ஆனால் டேட்டாபேஸ் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவேன்.

12.05.2025, வெசாக்

பௌர்ணமி என்று பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனேன். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம். கம்பியிடுக்கால் வயரை இறக்கினேன். கேட்டது எல்லாம் செருப்புச் சத்தம், புதுப் பாலத்து மோட்டார் சைக்கிள், யாரோ ஒரு பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது. பாலமே பெரிய மத்தளம் மாதிரி எல்லாவற்றையும் தண்ணீருக்குள் அனுப்புகிறது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என் வயரையே நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்னகா தம்பி, இரை போடாம விட்டுக்கிட்டு இருக்காய்?" என்றார்.

25.05.2025, ஞாயிறு

அக்காவின் மகள் வீணை படிக்கிறாள். "மாமா, உங்கட மெசினுக்கு என்ர வீணை விளங்குமா?" என்று கேட்டாள். இன்று பின்னேரம் முழுக்க அதிலேயே போனது.

சத்தத்தை அலைவரிசைகளாகப் பிரிக்கிற கணக்கு ஃபூரியே உடையது, அதை வேகமாகச் செய்கிற வழியை 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். பி.ஐ.டி. காலத்தில் எங்கோ ஒரு பழைய புத்தகத்தில் இதை எட்டிப் பார்த்துவிட்டு, சோதனைக்கு வராது என்று பக்கத்தைப் புரட்டியவன் நான். சத்தத்திலிருந்து 4096 மாதிரிகளை, அதாவது அடுத்தடுத்த அளவீடுகளை, எடுத்து நேராகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு கோடியே 68 இலட்சம் பெருக்கல். அவர்கள் வழியில் போனால் ஐம்பதாயிரம் அளவில் முடிந்துவிடுகிறது. சும்மா வாசித்தால் இலக்கம், நம்முடைய மடிக்கணினி இரண்டையும் செய்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

முதலில் 4096தான் போட்டேன். நொடிக்கு 44,100 மாதிரி என்பதால் கணக்கு சத்தத்தைப் பிரித்துப் போடுகிற ஒவ்வொரு அலைவரிசைப் பெட்டியும் கிட்டத்தட்ட 10.8 ஹேர்ட்ஸ் அகலம், பக்கத்துச் சுரங்கள் ஒரே பெட்டிக்குள் விழுந்து ஒன்றையொன்று மிதிக்கின்றன. 32,768 ஆக்கினேன், பெட்டி 1.35 ஆக ஒடுங்கியது. ஆனால் இப்போது ஒரு படம் போட முக்கால் நொடிச் சத்தம் வேண்டும், மருமகள் வேகமாக வாசித்தால் எல்லாச் சுரமும் ஒன்றாகக் குழைந்துவிடும். எந்தச் சுரம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமா, எப்போது வந்தது என்று தெரிய வேண்டுமா, இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

"மெதுவா ஒரு ச. பொறு. இப்ப அதே தந்தியில ப."

ச 108ஆவது பெட்டி. ப 162ஆவது பெட்டி. 162ஐ 108ஆல் வகுத்தேன். ஒன்றரை. அவள் "அதான் எங்கட மிஸ் எப்பவோ சொன்னவ" என்று எழும்பிப் போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விபுலானந்த அடிகளின் யாழ் நூல் வீட்டில் இருக்கிறது, அப்பாவின் பிரதி, 1947இல் வந்த நூலின் மறுபதிப்பு. சிறுவயதில் திறந்தபோது தமிழ் நூலுக்குள் இவ்வளவு பின்னக் கணக்கு எதற்கு என்று மூடிவைத்தேன். காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் படித்துப் படிப்பித்தவர், சிலப்பதிகாரத்து வரிகளை வைத்துக்கொண்டு மறைந்துபோன யாழின் சுரங்களைப் பென்சிலால் கணித்திருக்கிறார். அவருடைய சமாதி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கொஞ்சத் தூரம்தான்.

10.06.2025, பொசன் பௌர்ணமி

சித்தப்பாவின் தோணி. இரவு பத்தரை. கரை லைற் எல்லாம் தூரமாகும் வரை போனோம். கரையோரச் சதுப்பில் நிற்கிற கண்ணா மரப்பக்கம் காற்றே இல்லை, நிலா தண்ணீரில் தட்டையாகக் கிடந்தது. வயரை விட்டு ஹெட்போனை மாட்டினேன்.

பொரிகிற சத்தம். சட்டியில் கடுகு போட்ட மாதிரி, ஆனால் நிற்கவே நிற்காது. திரையில் மேலிருந்து கீழாக நூறு நூறு மெல்லிய கோடு. இது என்னவென்று எனக்குத் தெரியும், முன்பே வாசித்திருக்கிறேன்: சொடுக்கு இறால். தன் பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும்போது ஒரு குமிழி உருவாகி உடைகிற சத்தம். வெப்ப நாட்டு ஆழமில்லாத கடலிலும் வாவியிலும் இதுதான் எப்போதும் உள்ள இரைச்சல். வாவி அமைதியானது என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன், கீழே கொத்துரொட்டிக் கடை மாதிரி இருக்கிறது.

அரை மணித்தியாலம் கழித்துச் சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தக் கழுத்துப் பட்டியக் கழட்டு" என்றார். ஹெட்போனைத்தான் சொல்கிறார். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதோடு ஒட்டிவைக்கச் சொன்னார்.

முதலில் ஒன்றுமில்லை. என் காது துடிக்கிற சத்தம் மட்டும். அப்புறம் அந்தப் பொரியலுக்கும் அடியில், மிகக் கீழே, ஒன்று இருந்தது. தம்புராவில் கடைசித் தந்தியை விட்ட பிறகு குடத்தைத் தொட்டால் கையில் இருக்கிற நடுக்கம், அதைக் காதால் கேட்ட மாதிரி. ஐந்து நிமிடம் இருந்திருக்கும். ஒரு தரம் மங்கித் திரும்ப வந்தது.

"கேட்டியா?"

"ஓம்."

"மறுகா என்ன, வா போவம்."

நான் சிரித்தேன். மெசின் பதிவு செய்துகொண்டுதானே இருக்கிறது, காலையில் ஆறுதலாகப் பார்க்கலாம்.

11.06.2025

ஒன்றுமில்லை.

காலை ஐந்தரையிலிருந்து பார்க்கிறேன். இறால் இருக்கிறது, துடுப்புத் தட்டுகிற சத்தம் இருக்கிறது, சித்தப்பா இருமியது கூட இருக்கிறது. 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே படம் ஒரே கறுப்பு. வாளிக்காக எழுதிய அந்த மூன்று வரி. கரண்டே இல்லாத நடு வாவியிலும் அது தன் பாட்டில் வேலை செய்திருக்கிறது. வெட்டிய பிறகுதான் கோப்பில் எழுதும்படி வைத்ததும் நானே. ஒரு மணித்தியாலப் பச்சைப் பதிவு, அதாவது வெட்டாத பதிவு, 318 மெகாபைட் கூட வராது, அதைச் சேமிக்க இடமில்லாமலா வெட்டினேன்?

கேட்ட சத்தம் போனது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, காலைத் தேநீரோடு வந்தது: அது என்னவாகவும் இருக்கலாம். அக்கரையில் விடுதியின் ஜெனரேட்டராக இருக்கலாம், எங்கோ ஓடிய தண்ணீர்ப் பம்பாக இருக்கலாம். பதிவு இருந்திருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பேன். ஜெனரேட்டர் என்றால் 50, 100 என்று அளந்து வைத்த கொம்புகள் நிற்கும், உயிருள்ளது அப்படி நேர்கோட்டில் நிற்காது, ஏறி இறங்கும். இப்போது கேட்டேன் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்பா கேட்டிருக்கார் என்று சொல்கிறவர்கள் வரிசையில் நானும் போய் நிற்கிறேன்.

மனிசி, "ரெண்டு கிழமையா ராத்திரி ராத்திரியா இருந்து எழுதினது மீனை அழிக்கவா?" என்று கேட்டாள். பதில் இல்லை. இடியப்பம் நல்லாயிருந்தது.

13.06.2025

நிரலைத் திருத்தினேன். வருகிறதை வருகிறபடி எழுது, வெட்டுவதென்றால் பிரதியில் வெட்டு. நெல் ஆலை மென்பொருளிலும் இதே புத்தி எங்கேயாவது செய்திருக்கிறேனா என்று தேடினேன். இரண்டு இடம். ஈரப்பத எடையை முழு இலக்கமாக்கிவிட்டுச் சேமித்திருக்கிறேன். திங்கட்கிழமை சொல்ல வேண்டும், நல்ல வார்த்தை கிடைக்காது.

10.07.2025, எசல பௌர்ணமி

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து அடிப்பது. தோணி நிற்கவே இல்லை, அலை தட்டுகிற சத்தத்தில் ஹெட்போனில் இறால் கூடக் கேட்கவில்லை. துடுப்பிலும் ஒன்றுமில்லை. ஆனால் பதிவு முழுசாக இருக்கிறது, 50இல் கொம்பு இல்லை, 100இல் இல்லை. அதாவது அந்தக் கரையில் இன்றிரவு ஜெனரேட்டர் ஓடவில்லை, அல்லது ஓடியும் இந்த இடத்துக்கு எட்டவில்லை. போனமுறைக்கு இது சாட்சியாகாது, தெரியும்.

சித்தப்பா கரையில் இறங்கும்போது, மாமாங்கத் தீர்த்தம் முடிந்து அடுத்த பறுவத்துக்கு, அதாவது பௌர்ணமிக்கு, காற்று விழும் என்றார். ஆவணி எட்டாந் திகதியாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஆவணி இல்லை, ஓகஸ்ட் என்று திருத்தினார். துடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார். பிடியில் அந்தத் தகட்டை இறுக்கிக் கட்டினால் என்னவென்று பார்க்கப்போகிறேன். சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று வேண்டும்.