53 வயதில் கிளட்ச் பிடித்தவன்

முதன்முதலாக வண்டியைக் கீழே போட்டபோது நான் ஓட்டிக்கொண்டிருக்கவே இல்லை. நின்றுகொண்டிருந்தேன். நண்பருடைய 350 சிசி வண்டி. மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, இன்ஜினை அணைத்து, சைடு ஸ்டாண்டு எங்கே என்று இடது காலால் துழாவிக்கொண்டிருந்தபோது வண்டி வலது பக்கம் லேசாகச் சாய்ந்தது. லேசாகத்தான். வலது காலை ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் பொடிக்கல். 195 கிலோ எடை ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் அதை யாராலும் நிறுத்த முடியாது, மெதுவாகப் படுக்க வைக்கத்தான் முடியும். நான் அதையும் செய்யாமல் கடைசிவரை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். வண்டிக்கு பிரேக் லீவர் வளைந்தது, எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுக்கை. "விடுங்க, வண்டின்னா விழத்தான் செய்யும்" என்றார் நண்பர். பெரிய மனசு. எனக்கு அப்போது வயது 53.

அந்த ஒரு வாரம் படுத்துக்கொண்டே வண்டிகளைப் பற்றி எவ்வளவோ படித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். எல்லோரும் பேசுவது மேல்வேகம், பவர், பிக்கப். மணிக்கு 100-ல் வண்டி எப்படி நிற்கிறது, வளைவில் எப்படிப் படுக்கிறது. என் பிரச்சினை எல்லாம் மணிக்கு 0-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. வேகம் எடுத்துவிட்டால் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும், சக்கரங்கள் சுழலச் சுழல அது தன் பாட்டுக்குப் போகும். நிற்கும்போது, கிளம்பும்போது, யூ டர்ன் அடிக்கும்போது, பார்க்கிங்கிலிருந்து பின்னால் இழுக்கும்போது, அப்போதுதான் அத்தனை எடையும் நம் முழங்கால் தலையில் விழுகிறது. 20 வயதில் கீழே போட்டால் தூசி தட்டிவிட்டுச் சிரிக்கலாம். எனக்கு அந்த வசதி போய் ரொம்ப நாளாகிறது.

ஆகவே வயதான பிறகு முதல் வண்டி வாங்குகிற யாராவது என்னிடம் கேட்டால் சிசி எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. வண்டி எத்தனை கிலோ, அதை நீங்கள் உட்காராமல் தள்ளிப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

ஷோரூமில் எல்லோரும் முதலில் செய்வது ஏறி உட்காருவது. ஏறி உட்கார்ந்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும், அதற்குத்தானே சீட் வைத்திருக்கிறார்கள். நான் இப்போது செய்வது வேறு. வண்டிக்கு இடது பக்கமாக நின்று, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பத்தடி பின்னால் தள்ளி, திருப்பி, மறுபடி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது. இதில் மூச்சு வாங்கினால், அல்லது ஒரு நொடியாவது 'போச்சு, விழப்போகுது' என்று நெஞ்சு படபடத்தால், அது இன்றைக்கு என் வண்டி இல்லை. விற்பனையாளர்கள் கொஞ்சம் பதறுவார்கள். பதறட்டும். விழுந்தால் இங்கேயே தெரிந்துவிடுவது அவர்களுக்கும் நல்லது, இல்லையா?

அடுத்தது சீட் உயரம். இதற்கு எண்கள் உண்டு. ஹோண்டா ரெபல் 500 வெறும் 690 மில்லிமீட்டர், ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 சுமார் 765, ஹன்டர் 350 சுமார் 790, கிளாசிக் 350 சுமார் 805, ஹிமாலயன் 450 சாதாரண அமைப்பில் 825. காகிதத்தில் 790-க்கும் 805-க்கும் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒன்றரை சென்டிமீட்டரில்தான் குதிகால் தரையில் படுவதும் நுனிக்காலில் நிற்பதும் இருக்கிறது. இதிலும் ஒரு சூது. எண் ஒன்றாக இருந்தாலும் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும், முன்பக்கம் ஒடுங்கிய சீட்டாக இருந்தால் உயரமான வண்டிகூட எட்டும். அதனால் எண்ணைப் பார்த்துப் பட்டியலைச் சுருக்கலாம், முடிவை ஷூ போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஓட்டும்போது எதைப் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு போங்கள்.

எட்டவில்லை என்றால் சீட் பஞ்சைக் கொஞ்சம் செதுக்கித் தருவார்கள், அதில் தப்பில்லை. சஸ்பென்ஷனை இறக்குவது வேறு விஷயம். சைடு ஸ்டாண்டின் நீளம் முதல் வளைவில் வண்டி சாய்கிற அளவு வரை எல்லாம் மாறும், ஆரம்பத்திலேயே அந்த வம்பு வேண்டாம்.

ஏறுவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வலது காலைத் தூக்கிச் சீட்டுக்கு மேலே போட வேண்டும், பின்னால் பெட்டி கட்டியிருந்தால் அதையும் தாண்டி. இடுப்பு மூட்டு இறுகிப்போன ஆளுக்கு இது தினமும் இரண்டு தடவை யோகாசனம். எனக்கு முதல் மாதம் கால் சீட்டில் இடித்து வண்டியே ஆடியது. பயிற்சி கொடுத்தவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "சார், முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க, வண்டி நகராது" என்றார். அவ்வளவுதான் விஷயம். அதுவரை நான் பிரேக் பிடிக்காமல் ஏறியிருக்கிறேன்!

உட்காரும் தோரணைக்கு வருவோம், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் இது. தாழ்வான சீட், அகலமான ஹேண்டில், காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்காருகிற குரூஸர் வண்டிகள் வயதானவர்களுக்கென்றே செய்தது போலத் தெரியும். சாய்வு நாற்காலி மாதிரி. ஆனால் காலை முன்னால் நீட்டினால் உடம்பின் எடை மொத்தமும் வால் எலும்பில் இறங்குகிறது. பள்ளம் வரும்போது கால்படியில் ஊன்றி லேசாக எழுந்துகொள்ளவும் வழியில்லை. நேராக முதுகுத்தண்டுக்கு. ஒரு மணி நேர டெஸ்ட் ரைடு போய்விட்டு வந்து இறங்கியபோது நான் நிமிர இரண்டு நிமிடம் ஆனது. ஸ்போர்ட்ஸ் வண்டிகள் இதற்கு நேர் எதிர், மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் வேலை. நேராக உட்கார்ந்து, கால்படி இடுப்புக்குக் கீழேயே இருக்கிற, பார்க்க ஒன்றும் பிரமாதமில்லாத சாதாரண வண்டிதான் என் உடம்புக்கு ஒத்துவந்தது. அழகில்லை, சரி, என்ன செய்வது.

இன்ஜின் விஷயத்தில் ஒரு இழுபறி இருக்கிறது, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புதிதாகக் கற்பவன் கிளட்ச்சைச் சரியாக விடமாட்டான், வண்டி அணைந்து போகும். அணைகிற நொடியில்தான் பெரும்பாலும் சாய்கிறது. கீழ் ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, இழுவை இருக்கிற வண்டி இந்தத் தப்பை மன்னிக்கும். ராயல் என்ஃபீல்டின் 350 சிசி இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, தருகிறது, பவர் 20 குதிரைத்திறன்தான். மெதுவாக விட்டாலும் உருண்டுகொண்டே போகும், கற்றுக்கொள்ள அருமையான குணம். ஆனால் எடை 180 கிலோவுக்கு மேல். மறுபக்கம் 125 சிசி வண்டிகள் 115, 120 கிலோவில் கிடைக்கின்றன, ஒரு கையால் பிடித்துவிடலாம், ஆனால் கிளட்ச்சில் கொஞ்சம் தடுமாறினாலும் சட்டென்று அணைந்துவிடும். இரண்டில் எது? என் கட்சி எடை குறைந்தது. கிளட்ச் பழக்கம் ஒரு மாதத்தில் வந்துவிடும், எனக்கு வந்தது. 53 வயது முதுகு ஒரு மாதத்தில் 25 ஆகாது.

ஐரோப்பாவில் இதில் ஒரு வேடிக்கை. அங்கே 18 வயதுக்காரர்களுக்கு 35 கிலோவாட், அதாவது 47 குதிரைத்திறன் வரைதான் ஓட்ட அனுமதி. 24 வயதாகிவிட்டால் பல நாடுகளில் நேரடியாகத் தேர்வில் தேறி எவ்வளவு பெரிய வண்டியையும் ஓட்டலாம். வயதானால் புத்தி வந்துவிடும் என்பது கணக்கு. புத்தி வரலாம், சமநிலை அதோடு சேர்ந்து வருவதில்லையே.

கார் ஓட்டிய 25 வருடம் உதவியதா என்று கேட்டால், பாதி உதவியது, பாதி கெடுத்தது. எந்த வண்டி திடீரென்று குறுக்கே வரும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்திருந்தது, அது பெரிய பலம். 1981-ல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து எழுதியது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் பெரும்பாலானவற்றில் தப்பு அந்த இன்னொரு வண்டியுடையதுதான், பைக்கைக் கவனிக்காமல் குறுக்கே வந்தது. அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு: ஓட்டியவர்கள் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை இறுக்கிச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. இது அப்படியே நான்தான். காரில் பிரேக் என்றால் கால். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது, பதற்றத்தில் வலது கால் முந்திக்கொண்டு போய் அழுத்தும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து முன் சக்கரம்தான் தரையைக் கவ்வுகிறது, பின் சக்கரம் லேசாகிச் சறுக்கும் என்று மண்டைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.

அதனால் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு, இல்லாத வண்டியை நான் பார்க்கக்கூட மாட்டேன். பிஎம்டபிள்யூ 1988-ல் கே100-ல் எலக்ட்ரானிக் ஏபிஎஸ் கொண்டுவந்தபோது அது ஆடம்பரம், இன்று சின்ன வண்டியிலேயே வருகிறது. பணம் மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

கண்ணாடி. இதை நான் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை, என் மூக்கில் இருந்ததால் தெரிந்தது. நான் போடுவது புரோகிரஸிவ் லென்ஸ், கீழ்ப்பகுதி படிப்பதற்கு. யூ டர்ன் அடிக்கும்போது புதியவர்கள் எல்லோரையும் போல நானும் முன் சக்கரத்தைப் பார்ப்பேன். கண்ணை மட்டும் தாழ்த்தினால் பார்வை படிக்கிற பகுதி வழியாகப் போகிறது, தரை கலங்கி, ஒரு சாண் மேலே எழும்பி வந்தது போல இருக்கும். கால் தன்னால் கீழே இறங்கும், வண்டி நின்றுபோகும். கோணல் வண்டியில் இருக்கிறது என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். "வண்டியப் பாக்காதீங்க சார், போற இடத்தப் பாருங்க" என்று பயிற்சி கொடுத்தவர் தினமும் கத்துவார். தலையைத் திருப்பித் தூரத்தைப் பார்த்தவுடன் லென்ஸின் மேல்பகுதி வந்தது, தரை தன் இடத்துக்குப் போனது, யூ டர்னும் வந்தது. இப்போது ஓட்டுவதற்கென்றே தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். ஹெல்மெட் வாங்கும்போது கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள், முழு முகம் மூடுகிற ஹெல்மெட்டுகளில் சிலவற்றில் கண்ணாடிக் காம்பு நுழையப் பள்ளம் இருக்கும், சிலவற்றில் பொட்டு வலி எடுக்கும்.

கை மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஸ்ட் ரைடில் கிளட்ச் லீவரை ஐம்பது தடவை அழுத்திப் பாருங்கள். ஐந்து தடவையில் எதுவும் தெரியாது. நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் ஐம்பது என்ன, நூறு தாண்டும். அசிஸ்ட் கிளட்ச் என்று போட்டிருந்தால் லீவர் மெத்தென்று இருக்கும். கிளட்ச் லீவரே வேண்டாம் என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் லீவரே கிடையாது, உற்பத்தி 10 கோடியைத் தாண்டியாகிவிட்டது.

கடைசியில் நான் வாங்கியது பழைய 150 சிசி வண்டி. 140 கிலோ, நேரான சீட், ஏபிஎஸ், ஏற்கெனவே யாரோ இரண்டு பக்கமும் கீறிவைத்தது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதன் ரசிகர்களும் எதிரிகளும் சேர்ந்து வந்துவிடுவார்கள். மகன் பார்த்துவிட்டு, "என்னப்பா, பால்காரர் வண்டி மாதிரி இருக்கு" என்றான். முதல் வேலையாக அதற்கு, விழுந்தால் அடியை வாங்கிக்கொள்கிற கிராஷ் கார்டு கம்பி மாட்டினேன், இரண்டாவது வேலையாக மைதானத்தில் வேண்டுமென்றே அதைப் படுக்கவைத்துத் தூக்கிப் பழகினேன். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விடும். கியரில் போட்டுவைக்க வேண்டும், உருளாமல் இருக்க. அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் பின்பக்கத்தை அண்டக்கொடுத்து உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில், இன்னொரு கையில் பின்னால் இருக்கிற கம்பி, முதுகை வளைக்காமல் காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். 140 கிலோ எழுந்துகொண்டது. மூச்சு வாங்கியது, இடுப்பு பிடிக்கவில்லை.

ஒரு வருடத்தில் அதைத் தெரியாமல் இரண்டு தடவை போட்டேன், இரண்டும் நின்ற இடத்தில். இரண்டு தடவையும் விட்டுவிட்டு விலகி நின்றேன்.

போன வாரம் ஆசை விடாமல் ஒரு ஷோரூமுக்குப் போனேன். 350 சிசி, பச்சை நிறம், டேங்க்கில் என் முகம் தெரிந்தது. "உக்காந்து பாருங்க சார்" என்றார் அந்தப் பையன். நான் உட்காரவில்லை. இடது பக்கம் போய் நின்று, ஸ்டாண்டை எடுத்து, பின்னால் தள்ளினேன். பத்தடி போனது, திருப்பினேன், திரும்பி வந்தது. ஒரே ஒரு இடத்தில், திருப்பும்போது, கொஞ்சம் நெஞ்சு படபடத்தது. பையனிடம் ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற பால்காரர் வண்டியை உதைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.