கோவென்ட்ரிக்கு ‘மாற்றலான’ பெண்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு அவுட்சோர்சிங் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பிரிட்டிஷ் நிறுவனங்களின் ஊழியர்கள் எழுதும் புகார்க் கடிதங்களைப் படித்து, நாலு வரியில் சுருக்கி, என்ன வகைப் புகார் என்று குறித்து அனுப்ப வேண்டும். சம்பளம், விடுப்பு, இடமாற்றம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு பெண்மணியின் கடிதம் வந்தது. மூன்று மாதமாகக் கூட வேலை செய்பவர்கள் தன்னைக் ‘கோவென்ட்ரிக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. இடமாற்றம் என்று குறித்து, ‘விருப்பமில்லாமல் கோவென்ட்ரி கிளைக்கு மாற்றப்பட்டிருக்கிறார்’ என்று சுருக்கமும் எழுதிவிட்டேன். மறுநாள் அங்கிருந்து ஒரே வரியில் பதில்: எங்களுக்குக் கோவென்ட்ரியில் கிளையே கிடையாது.

டீம் லீட் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்தம்மா எங்கேயும் போகலைப்பா. அவங்ககிட்ட யாரும் பேசுறதில்லை, அவ்வளவுதான்.”

சின்ன வயதில் ‘காய்’ விடுவோமே, அதுதான். என்ன, பழம் விட யாரும் வரமாட்டார்கள். 1640களில் இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் கோவென்ட்ரி நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற ஊர். பிடிபட்ட அரசர் கட்சிக்காரர்களை அங்கே கொண்டுபோய் அடைத்தார்களாம், ஊர்க்காரர்கள் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிற்காலத்தில் ஆலைகளில் வேலைநிறுத்தத்தில் சேராதவரிடம் தொழிலாளர்கள் பேசாமல் இருந்ததற்கும் இதே பெயர்தான்.

பட்ட அவமானத்தில் இந்த மாதிரிச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். ‘பாய்காட்’ ஒரு மனிதரின் பெயர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கேப்டன் சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1880இல் குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. வயலுக்கு ஆள் போகவில்லை, கடையில் சாமான் தரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை. நம் ஊர்விலக்கில் வண்ணாரையும் நாவிதரையும் நிறுத்துவார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கே ஒதுக்கியவர்கள் இல்லாதப்பட்டவர்கள், ஒதுக்கப்பட்டவர் அதிகாரி. கடைசியில் அறுவடைக்கு அல்ஸ்டரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீசும். சில நூறு பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு அளவுக்குச் செலவு! டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே போய்விட்டார்.

இதற்கு ஏற்கனவே ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற சொல் இருந்தது. குடியானவர்களுக்கு அது புரியாது என்றுதான் ஜான் ஓமாலி என்ற பாதிரியார் ‘பாய்காட்’ என்று சொல்லிப் பார்த்தாராம். அந்தப் பழைய சொல் ஏதென்ஸிலிருந்து வந்தது. அங்கே ஓட்டாஞ்சில்லில் பெயரைக் கீறி வாக்களித்து, ஒருவரைப் பத்து வருடம் ஊரைவிட்டு அனுப்புவார்கள். அக்ரோபோலிஸ் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டாக்ளீஸ் என்ற ஏதென்ஸ் தலைவரின் பெயரோடு 190 சில்லுகள் கிடைத்தன. எல்லாம் சேர்த்து பதினாலு பேரின் கையெழுத்துதான். யாரோ முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு நாள், ‘என்னைப் பரையா போல நடத்துகிறார்கள்’ என்று ஒரு கணக்கர் எழுதிய கடிதம். சொல் எங்கிருந்து போனது என்று எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். சத்தமாகப் படிக்க யாரும் தயாராக இல்லை. நம்மூர் சாதிப் பெயர் ஒன்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறி, தெருநாய்க்கும் உலகம் ஒதுக்கிய நாட்டுக்கும் அடைமொழியாகிவிட்டது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கே ‘பறையன்’ என்று பெயர் வைத்தவர். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. ‘ஒதுக்கப்படுவதாக உணர்கிறார்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒதுக்குகிறவர்களுக்கு இப்படி ஒரு சொல் கிடைக்குமா என்று நோட்டைப் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குழுவில் ஒருவர், நாங்கள் ஓவர்டைம் கணக்கில் செய்துவந்த தில்லுமுல்லை மேலே சொல்லிவிட்டார். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. டீக்குக் கிளம்பும்போது அவரைக் கூப்பிடுவது நின்றது. அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும் மேசையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. ஒரு தடவை, “இந்த ஃபைலை நீங்க பார்த்தீங்களா?” என்று என்னிடம் கேட்டார். ஹெட்போன் மாட்டியிருந்தேன், பாட்டு ஓடவில்லை. இருந்தும் நான் திரும்பவில்லை.

நாலாவது மாதம் ராஜினாமா செய்தார். கடைசி நாளில் கேக் வெட்டினோம். பெரிய வாழ்த்து அட்டை ஒன்று வரிசையாகக் கைமாறி என்னிடம் வந்தது. ‘உங்களை மிஸ் பண்ணுவோம்’ என்று முதலில் யாரோ எழுதியிருந்தார்கள், கீழே எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்து சீட்டுக்குக் கொடுத்தேன்.