எரிகிற இலைகள்

இன்று காலை எங்கள் தெருவில் உதிர்ந்த வேப்பிலைகளைக் கூட்டிக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலுக்குச் சற்றுத் தள்ளி, மூடாக்கு ஏதுமில்லாத வெறும் மண்ணில் ஒரு செம்பருத்தி வாடி நின்றது.

காட்டைப்போலத் தானே இயங்கும் நிலத்தை வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் மொல்லிசன் நினைவுக்கு வந்தார்.

1959இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், மழைக்காட்டில் விலங்குகள் மேய்வதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். அங்கே யாரும் உழவில்லை, உரமிடவில்லை. விழுந்த இலையே மண்ணானது, அந்த மண்ணே மரமானது. இப்படி இயங்கும் ஓர் அமைப்பை மனிதனாலும் உருவாக்க முடியும் என்று அன்றே அவருக்குத் தோன்றியது.

1974இல் அதே தீவின் ஹோபார்ட் நகரில் டேவிட் ஹோம்கிரென் என்ற இளம் மாணவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து எழுதிய முதல் நூல் 1978இல் வெளிவந்தது. பெர்மாகல்ச்சர் உலகுக்கு அறிமுகமானது.

என்னை அதிகம் ஈர்ப்பது அது பரவிய விதம்தான்.

பெர்மாகல்ச்சரைக் கற்றுத்தர 72 மணி நேரப் பயிற்சி. முடித்தவர்கள் ஊர் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். ஆசிரியரைவிட வேகமாக மாணவர்கள் பயணித்தார்கள்! 1987இல் மொல்லிசனே இந்தியா வந்து வகுப்பெடுத்தார். 2016இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அந்த இயக்கத்தின் உலக மாநாடு ஹைதராபாத்தில் கூடியது.

பழங்குடிகளும் சிறு உழவர்களும் காத்துவந்த அறிவு இதில் நிறையவே இருக்கிறது. ஆனால் இன்று பல நாடுகளில் இந்தப் பயிற்சிக்கு வாங்கப்படும் கட்டணத்தைப் பார்த்தால், ஒரு சிறு உழவர் அந்த வகுப்பில் எப்படி வந்து உட்காருவார் என்ற கவலை எனக்கு உண்டு.