சர்வீஸுக்குப் போன மெஷின்

அம்பத்தூரில் ஒரு கம்பெனி வரவேற்பறையில் வைத்திருந்த ஸ்நாக்ஸ் விற்கும் என் தானியங்கி மெஷினைக் காணோம். இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். சனிக்கிழமை மதியம் நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் "சர்வீஸ்" என்று சொல்லி, டிராலியில் தள்ளிக் குட்டியானையில் ஏற்றிவிட்டார்கள். செக்யூரிட்டி அண்ணன் கேட்டைத் திறந்ததோடு ஒரு கை பிடித்தும் கொடுத்திருக்கிறார். பாவம், திட்ட மனசு வரவில்லை.

உள்ளே பணம் ஏது? எல்லாம் யு.பி.ஐ. முறுக்கும் கடலை மிட்டாயும்தான் கிடைத்திருக்கும். கம்ப்ரசர் இந்நேரம் காயலாங்கடைக்குப் போயிருக்கும்.

ஸ்டேஷனில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் தந்தார்கள். எஃப்.ஐ.ஆருக்கு மூன்று நடை. (திருட்டுக்குப் பழைய ஐ.பி.சி. 379-ஆம் பிரிவு கிடையாது, 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். 303-ஆம் பிரிவு.) அப்புறம் இன்ஷூரன்ஸ்காரர் கேட்டார்:

"பூட்டை உடைத்தார்களா சார்?"

"இல்லைங்க, கேட்டைத் திறந்துவிட்டார்கள்."

"அப்போ கஷ்டம் சார். உடைத்து நுழைந்தால்தான் இந்தப் பாலிசி."

சரி, மிச்ச மெஷின்களைத் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். வெளியே எடுக்க என் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், எனக்கு ஒரு போனும் போட வேண்டும். நேற்று சரக்கு நிரப்பப் போனபோது அண்ணன் என்னிடமே ஐ.டி. கார்டு கேட்டார்.